கலயம் கவிழ்த்த மாடி

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்குப் போகும் வழியில், வயல்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் ஊரில், என் தாத்தா 1973-ஆம் ஆண்டு தை மாதம் குடிபோன வீட்டை ஊரார் இன்றைக்கும் ‘பெட்டி வீடு’ என்றுதான் சொல்கிறார்கள். ஓட்டுச் சரிவும் மரத்தூண் திண்ணையும் உள்ள வீடுகள் வரிசையாக நின்ற தெருவில், கிழக்கு மேற்காக நீண்டு, தட்டை மாடியோடு, பூசாத செங்கல் சுவரும் கான்கிரீட் பீமும் வெளியே தெரிய நின்ற ஒரு வீட்டுக்கு அவர்களுக்கு வேறு பெயர் தோன்றவில்லை. அப்பா 2016-இல் காலமான பிறகு அதைக் காப்பாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. 2019 முதல் 2022 வரை நாங்கள் செய்த பழுதுவேலையில் நான் தெரிந்துகொண்டவற்றை, அந்தக் காலத்தில் கட்டடக்கலைஞர் ஒருவர் வரைந்து கொடுத்த வீட்டில் இன்று வசிப்பவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன். இருபது ஆண்டுகளில் அந்த வீட்டுக்கு நேர்ந்த கெடுதல்களில் பெரும்பாலானவற்றை வெயிலோ மழையோ செய்யவில்லை, நல்ல எண்ணத்தோடு நாங்களே செய்தோம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தாத்தாவுக்கு அரிசி ஆலை இருந்தது. சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாதான், தன் நண்பருடைய அண்ணன் ஒருவரை ஊருக்கு அழைத்து வந்தார். அவர் முறையாகக் கட்டடக்கலை படித்தவர். சென்னை மவுண்ட் ரோட்டில் 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்த தாத்தா, அதைப்போல ஒன்றைத்தான் இந்த மனிதர் வரையப் போகிறார் என்று நினைத்திருந்தாராம். வந்தவரோ ஐப்பசி அடைமழையில் நான்கு நாட்கள் பழைய வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, சாரல் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே அடிக்கிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டிருந்தார் என்று அப்பாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பாயி அவரிடம் மூன்று கோரிக்கைகள் வைத்தாள்: திண்ணை வேண்டும், முற்றம் வேண்டும், நெல் சேமிக்கும் பத்தாயம் நிற்க இடம் வேண்டும். “திண்ணை இல்லாத வீட்டுல யாருப்பா வந்து உக்காருவா?” என்று அவள் கேட்டதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. வாசல் சுவர் நெடுக, கீழே தாங்குகால் இல்லாமல் சுவரிலிருந்தே நீண்டு நிற்கும் கான்கிரீட் பலகையைத் திண்ணையாக வார்த்துக் கொடுத்தார். பத்தாயத்தை அளந்து அதற்கென்று ஓர் அறையின் அகலத்தை முடிவு செய்தார். 12 அடிக்கு 12 அடி முற்றத்தைச் சுற்றித்தான் முழு வீட்டையும் வரைந்தார். மரபை விட்டுவிட்டுக் கட்டிய வீடு என்று இதைச் சொல்பவர்கள் உள்ளே வந்து பார்க்காதவர்கள்.

சிமெண்ட் அப்போது கட்டுப்பாட்டில் இருந்தது. 1982-இல் அரைகுறையாகவும் 1989-இல் முழுமையாகவும் அந்தக் கட்டுப்பாடு நீங்கும்வரை, பெர்மிட் வாங்கித்தான் மூட்டை எடுக்க வேண்டும். டால்மியாபுரம் ஆலை பக்கத்து மாவட்டத்தில் இருந்தும், தாத்தா தாலுகா அலுவலகத்துக்குப் பலமுறை நடந்திருக்கிறார். இந்தத் தட்டுப்பாடே வீட்டின் வடிவத்தைத் தீர்மானித்தது என்பது வரைபடங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. பாரம் தாங்கும் வேலையைச் சூளைச் செங்கல் சுவருக்குக் கொடுத்துவிட்டு, செங்கல்லால் முடியாத இடத்தில் மட்டும் கான்கிரீட் வைத்திருக்கிறார். உள்ளே போட்டது அன்றைய வழவழப்பான உருட்டுக் கம்பி. சுவரை வெளியே பூசாமல் விட்டதும் மிச்சம் பிடிக்கத்தான். அதற்காகவே செங்கல்லைப் பொறுக்கி எடுத்து, இணைப்புகளை ஒழுங்காக வைத்து, கொத்தனாரை மிகவும் சிரமப்படுத்தியிருக்கிறார்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் வீட்டின் ஆயுள் அங்குதான் தொடங்குகிறது. எங்கள் களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். பங்குனி, சித்திரையில் வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வீட்டின் அடியிலும் அதே மண்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட மண்ணுக்காக ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பரிந்துரைத்த முறையில், கையால் துளையிட்டு, அடியில் குமிழ்போல் விரித்து, கான்கிரீட் நிரப்பிய பைல்களின்மேல் அவர் வீட்டை நிறுத்தினார். ஈரமும் உலர்ச்சியும் மாறிமாறி வரும் மேல்மண்ணைத் தாண்டி, ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருக்கும் ஆழத்தில் அந்தக் குமிழ் ஊன்றிக்கொள்வதால், மேலே மண் ஏறி இறங்கினாலும் வீடு அசைவதில்லை. கிணறு தோண்டுகிறார்கள் என்று ஊரார் நினைத்தார்களாம். சாதாரண அஸ்திவாரத்தில் எழுப்பிய எங்கள் மதில்சுவர் ஒவ்வொரு கோடையிலும் வெடிக்கிறது. வீட்டுச் சுவரில் 50 ஆண்டுகளாக ஒரு சாய்ந்த விரிசலும் இல்லை. இந்த உண்மை கண்ணெதிரே இருந்தும், 1996-இல் பின்புறச் சுவரோடு சேர்த்து ஒரு குளியலறையைச் சாதாரண அஸ்திவாரத்தில் கட்டினோம். இரண்டாம் ஆண்டே அது வீட்டிலிருந்து விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்தது. பிரிந்த இடத்தைக் கலவை வைத்து அடைத்தோம், மறுபடியும் பிரிந்தது. பைல் மேல் நிற்கும் வீட்டோடு புதிய கட்டடத்தை ஒட்ட வேண்டுமானால், அதற்கும் அதே ஆழத்தில் அஸ்திவாரம் போட வேண்டும், இல்லையென்றால் இடையில் ஓர் அங்குல இடைவெளியை வேண்டுமென்றே விட்டு, தண்ணீர் இறங்காதபடி மேலே தகடு மூடித் தனித்தனியாக அசைய விட வேண்டும். 2021-இல் இரண்டாவதைச் செய்தோம், தொந்தரவு நின்றது.

வீடு ஏன் கிழக்கு மேற்காக நீண்டது என்பதற்கு வானத்தில் விடை இருக்கிறது. எங்கள் ஊரில் சித்திரை முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் ஆவணி முற்பகுதி வரை உச்சிக்கு வடக்கே நிற்கும். ஆனி மாதத்தில் அது வடக்கே சாய்வது ஏறத்தாழ 13 பாகைதான். ஆகவே வடக்குச் சன்னலுக்கு மேலே 1 அடி சன்ஷேடு நீட்டினால் அதற்குக் கீழே 4 அடி வரை நண்பகல் வெயில் சுவரில் படாது. மார்கழியில் தெற்கே ஏறத்தாழ 34 பாகை சாய்வதால், தெற்குப் பக்கம் அதே 1 அடி நிழல் 1½ அடிகூட இறங்காது. ஆனால் அப்போது வெயில் சுடுவதில்லை. கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக வருவதால், எவ்வளவு நீண்ட சன்ஷேடும் அங்கு உதவாது. இந்தக் கணக்கின்படி அவர் நீண்ட சுவர்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்து, குட்டையான மேற்குச் சுவரில் சன்னலே வைக்காமல், அங்கே பத்தாய அறையையும் மாடிப்படியையும் வைத்தார். வெயிலை நெல் மூட்டை வாங்கிக்கொண்டது, மனிதர்கள் தப்பினார்கள். பிற்காலத்தில் பத்தாயத்தை விற்றுவிட்டு அந்த அறையைப் படுக்கையறை ஆக்கி, மேற்குச் சுவரை உடைத்துச் சன்னல் வைத்தது நாங்கள்தான்.

காற்றுக்கு அவர் எடுத்துக்கொண்ட முன்மாதிரி பாண்டிச்சேரியில் இருந்தது. அரவிந்தர் ஆசிரமத்துக்காக ஆன்டனின் ரேமண்ட் வடிவமைத்து, 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய கோல்கொண்டே விடுதியைப் பற்றி அவர் சித்தப்பாவிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறார். இந்தியாவின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்றான அதில், வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பி வைக்கக்கூடிய பட்டைச் சட்டங்களே முழு உயரத்துக்கும் இருக்கும், வெயிலையும் மழையையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். ரேமண்டின் கீழ் அங்கே வேலை பார்த்த ஜார்ஜ் நகாஷிமா பிற்பாடு அமெரிக்காவில் மரவேலைக்குப் பெயர்பெற்றார். எங்கள் வீட்டில் அவ்வளவு செலவுக்கு வழியில்லை. கூடத்தின் தெற்குச் சுவரில் இடுப்புயரத்துக்குச் செங்கல் ஜாலி (காற்று நுழையத் துளைகள் விட்டுக் கட்டிய சுவர்), அதற்கு எதிரே வடக்குச் சுவரில் தளத்தை ஒட்டி நீண்ட திறப்பு, நடுவே முற்றம் என்று அமைத்தார். கோடை மாலையில் தெற்கிலிருந்து வரும் காற்று தாழ நுழைந்து, உட்கார்ந்திருப்பவர் மேல் பட்டு, சூடேறி மேலே எழுந்து வடக்குத் திறப்பு வழியே போய்விடும். சிறுவயதில் அந்த ஜாலியின் நிழல் சிவப்பு ஆக்சைடு தரையில் நகர்வதைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்த நாங்கள் நேரம் சொல்வோம்.

இனி மாடியைப் பற்றிச் சொல்கிறேன். எல்லாக் கெடுதலும் அங்கிருந்துதான் தொடங்கியது. கோல்கொண்டேயில் கான்கிரீட் தளத்துக்கு மேலே வளைந்த கான்கிரீட் ஓடுகளை வைத்து, நடுவில் காற்று ஓட இடம் விட்டிருப்பார்கள். அதே பயனை எங்கள் கட்டடக்கலைஞர் குயவர் சூளையில் தேடினார். தளத்தின்மேல் சிறிய மண் கலயங்களை வாய் கீழே இருக்கும்படி நெருக்கமாகக் கவிழ்த்து அடுக்கி, இடைவெளிகளைச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து நிரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்க, அதன்மேல் தட்டையான ஓடு பதித்தார்கள். ஒவ்வொரு கலயத்துக்குள்ளும் சிறைப்பட்ட காற்று வெயிலைத் தளத்துக்கு இறங்க விடாது. நம் பக்கத்துப் பழைய வழக்கம்தான் அது. கான்கிரீட் தளத்துக்கு மேல் அதை அவர் பொருத்தினார் என்பதே புதுமை.

1998 ஐப்பசியில் வடகிழக்கு மூலையில் ஒழுகியது. பார்க்க வந்த ஒப்பந்ததாரர், மாடியை முழுக்கத் தட்டிவிட்டுச் சிமெண்ட் கான்கிரீட் போட வேண்டும் என்றார். அப்பாவும் ஒத்துக்கொண்டார். கலயங்கள் எதற்காக இருந்தன என்று கேட்க, தாத்தாவும் இல்லை, வரைபடமும் கைக்கு அகப்படவில்லை. உடைத்த கலயங்களை மாட்டு வண்டிப் பாதைக் குழிகளில் கொட்டினார்கள். அந்த ஒழுகலுக்குக் காரணம், மழைநீர்க் குழாயின் வாயில் முளைத்திருந்த ஓர் அரசங்கன்றின் வேர் என்பது வேலை பாதியில் இருக்கும்போதே தெரிந்தது. ஆனால் அதற்குள் பாதி மாடி உடைந்திருந்தது. அடுத்த சித்திரையில் இரவு பத்து மணிக்கும் தளம் அனல் வீசியது, மின்விசிறி அந்த அனலையே கீழே தள்ளியது. தாங்க முடியாமல் 2003-இல் குளிர்சாதனம் வைத்தோம். குளிர் வெளியே போகாமல் இருக்க ஜாலியையும் வடக்குத் திறப்பையும் பூசி அடைத்தோம். மின்சாரம் இல்லாத நேரங்களில் வீடு முன்னைவிடப் புழுங்கியதால், 2011-இல் மாடிக்கு மேலே இரும்புக் கால் நட்டுத் தகர ஷீட் போட்டோம். அந்தக் கால்களுக்காகத் தளத்தில் துளையிட்டோம். ஒரு கலயத்தின் வேலையைத் தெரிந்துகொள்ளாததற்கு 13 ஆண்டுகளில் இத்தனை செலவு செய்திருக்கிறோம்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது அந்த ஷீட் முழுவதும் பறந்தது. ஒரு பகுதி மூன்று வயல் தாண்டிக் கிடந்தது. தெருவில் கூரை வீட்டுக்காரர்கள் பலர் அன்றிரவு எங்கள் கூடத்தில்தான் இருந்தார்கள். தளமும் சுவரும் அசையவில்லை. தென்னைகள் எல்லாம் படுத்துக் கிடந்த அந்த வாரங்களில், நனைந்த சாமான்களை உலர்த்துவதற்காக ஆலைக் கணக்கு நோட்டுகள் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தபோதுதான், அடியில் சுருட்டி வைத்திருந்த 14 வரைபடத் தாள்கள் கிடைத்தன. அதிலொன்றில் வீட்டின் குறுக்குவெட்டு இருந்தது. தெற்கு ஜாலியில் நுழைந்து வடக்குத் திறப்பில் வெளியேறும் ஓர் அம்புக்குறியும், தளத்தின்மேல் வரிசையாகச் சின்னஞ்சிறு அரைவட்டங்களும் வரையப்பட்டிருந்தன. அந்த அரைவட்டங்கள்தான் கலயங்கள் என்று புரிந்தபோது, நாங்கள் எதை உடைத்துக் குழியில் கொட்டினோம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுதாக உறைத்தது. பழைய வரைபடம் வைத்திருப்பவர்கள் அதை வெளிச்சத்தில் மாட்டி வைக்க வேண்டாம், அந்தக் காலத்து வரைபட அச்சு மங்கிப்போகும். முதலில் ஸ்கேன் செய்துவிட்டு, தாளை இருட்டில், உலர்ந்த இடத்தில், மடிக்காமல் வையுங்கள்.

ஷீட்டின் கால்கள் பிடுங்கிக்கொண்டு போன துளைகள் வழியே இறங்கிய நீர், அடுத்த ஆண்டே தளத்தின் அடிப்பக்கத்தில் தன்னைக் காட்டியது. பூச்சு பெயர்ந்து விழுந்தது, துருப்பிடித்த கம்பி தெரிந்தது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே புகுந்து அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கம்பியைத் தொட்டதும் காவல் போய்விடும், பிறகு ஈரம் கிடைத்தால் போதும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்கும், ஆகவே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். வந்து பார்த்தவர்களில் இருவர், மேலே பூசிச் சாயம் அடித்துவிடலாம் என்றார்கள். மூன்றாவதாக வந்த பொறியாளர் ஒரு சிறு சுத்தியலால் தளம் முழுவதும் தட்டிக்கொண்டே போய், கணீரென்று கேட்ட இடத்தை விட்டுவிட்டு, பொத்தென்று கேட்ட இடத்தை எல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டார். கொஞ்சம் உடைத்துப் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தார். காரம் மிச்சமிருந்த இடம் இளஞ்சிவப்பானது, காரம் போன இடம் நிறம் மாறாமல் இருந்தது. தளத்தின் முக்கால் பாகத்தைக் காப்பாற்றலாம் என்பது அப்போது எங்கள் கண்ணுக்கே தெரிந்தது.

வேலையின் முறை இதுதான். முதலில் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும், முட்டு இல்லாமல் ஓர் இடத்தையும் உடைக்க விடாதீர்கள். பிறகு கெட்ட கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம்வரை, விரல் கம்பியைச் சுற்றி வரும் அளவுக்கு எடுக்க வேண்டும். கம்பியின் அடியோடு நிறுத்தினால் பின்பக்கத் துரு அப்படியே இருந்து, சில ஆண்டுகளில் புதிய பூச்சையும் தள்ளிவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்து இரும்பு பளிச்சென்று தெரிந்த பின், மிகவும் மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, துருத்தடுப்புச் சாயம் பூசி, பாலிமர் கலந்த கலவையை அடுக்கடுக்காக வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை மேலே அடைக்காமல் கீழே செய்யும் வேலை வீண் என்பதால், நாங்கள் மாடித் துளைகளை முதலில் சரிசெய்தோம். 1998-இல் போட்ட கான்கிரீட்டைத் தட்டியெடுத்ததும் அப்போதுதான். கான்கிரீட் ஓர் அங்குலக் கனத்துக்குச் சதுர அடிக்கு ஏறக்குறைய 5½ கிலோ எடை. 900 சதுர அடி மாடியில் 3 அங்குலம் போட்டிருந்ததால், 15 டன் அளவுக்கு எடை அந்தத் தளத்தின்மேல் இருந்திருக்கிறது. மாடியில் ஒரு புது அடுக்குப் போடச் சொல்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

கலயம் திரும்பவும் வைக்கலாம் என்று பொறியாளர் எடை பார்த்து ஒப்புக்கொண்டார். பக்கத்து ஊர்க் குயவர் ஒருவர் 2,000 கலயங்களை இரண்டு சூளையில் சுட்டுத் தந்தார். “அக்கா, எங்க தாத்தாவும் இந்த வீட்டுக்குத்தான் கொடுத்ததா சொல்வாரு” என்று அவர் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இறுக்கித் தட்டும் வேலை தெரிந்த பெண்கள் கிடைக்கத்தான் மிகவும் அலைந்தோம். தளத்துக்கு அவ்வளவு எடை தாங்காது என்று கணக்குச் சொன்னால், வெயிலைத் திருப்பும் வெள்ளை ஓடு பதிப்பது அடுத்த நல்ல வழி. 2022 பங்குனியில் ஜாலியைத் திறந்தோம். கூடத்துக் குளிர்சாதனத்தைக் கழற்றிவிட்டோம். படுக்கையறை ஒன்றில் மட்டும் வைத்திருக்கிறோம். சித்திரை வெயிலில் பகல் முழுவதும் ஜாலியைத் திறந்தே வைத்தால் அனல் உள்ளே வரத்தான் செய்கிறது. பத்து மணிக்கு மேல் பாய்த் தட்டியை இறக்கி, நாலு மணிக்குப் பிறகு ஏற்றுகிறோம். அப்பாயி செய்ததும் அதுதான்.

அந்தக் கட்டடக்கலைஞர் தவறே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மாடிக்கு இரண்டே மழைநீர் வாய்கள் வைத்தார். ஒன்று அடைத்தால் டெல்டாவின் கார்த்திகை மழைக்கு மற்றொன்று போதாது, இப்போது நான்காக்கியிருக்கிறோம். கம்பிக்கு வெளியே அவர் விட்ட கான்கிரீட் பல இடங்களில் அரை அங்குலம்தான். கிழக்குப் பக்கச் சுழல் சன்னல்கள் அழகானவை, ஆனால் வாடைச் சாரலில் ஒருநாளும் ஒழுகாமல் இருந்ததில்லை. அவற்றுக்கு வெளியே ஒரு மரச்சட்டம் சேர்த்தோம். அவரால் எண்ணிப் பார்த்திருக்க முடியாத ஒன்றும் நடந்தது. 3 அடி உயரத்தில் அவர் வைத்த பேஸ்மட்டம், சாலையை அடுக்கடுக்காக உயர்த்தியதில் இன்று ஒன்றேகால் அடிதான் மேலே நிற்கிறது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கலாம் என்று ஒருவர் சொன்னார். பைல்களோடு பீம் சேர்த்து வார்த்த வீட்டில் அதைச் செய்யக் கூடாது என்று பொறியாளர் தடுத்துவிட்டார். சுற்றிலும் ஆழமான வாய்க்கால் வெட்டி, தண்ணீரைக் கொல்லைக் குட்டைக்குத் திருப்பினோம். ஒரு மழைக்காலம் தாங்கியிருக்கிறது.

மேற்குச் சுவரில் நாங்கள் உடைத்து வைத்த சன்னல் மட்டும் இன்னும் இருக்கிறது. பழைய அளவுச் செங்கல் இப்போதைய சூளைகளில் கிடைப்பதில்லை, ஆகவே 1996-இல் கட்டிய குளியலறைக்காகப் பின்சுவரில் வாசல் உடைத்தபோது எடுத்து அடுக்கி வைத்திருந்த 1973-ஆம் ஆண்டுக் கற்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்து வைத்திருக்கிறோம். 300 கல் வேண்டும், 260 சேர்ந்திருக்கிறது. சம்பா அறுவடை முடிந்து கொத்தனார் வந்ததும் அதை அடைத்துவிடுவோம்.